மழைக்காலப் பருவம் நிறைவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

யாங்கோன்

பெற்றோர், பாதுகாவலர் அனைவருக்கும் வணக்கம்.

மழையோடு தொடங்கிய பருவம் இந்த வாரத்தோடு முடிகிறது. தெருவில் தண்ணீர் தேங்கிய நாட்களிலும் மாலை வகுப்பு வருகை குறையவில்லை. வாசிப்புப் போட்டியும் சொல்வளப் போட்டியும் நன்றாக நடந்தன. கலந்துகொண்ட எல்லாருக்கும் பாராட்டு. மாடி வகுப்பறைக்கு மின்விசிறி வாங்கித் தந்தவர்களுக்கு நன்றி. தடிங்யுத் (பர்மிய விளக்குத் திருவிழா), தீபாவளி விடுமுறைத் தேதிகள் அறிவிப்புப் பலகையில் உள்ளன.

இனி, பேச்சு ஆங்கில வகுப்பு.

இந்தப் பருவத்தில் அலுவலகத்துக்கு வந்த பலர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஸார், நோட்டுல ஒண்ணுமே எழுதலையே, என்னதான் சொல்லிக் குடுக்குறீங்க?" கட்டணம் கட்டுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் காலி நோட்டைப் பார்த்த கவலையில் சிலர் ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் 'மாதிரி விடை' கட்டுகளை வாங்கி, இரவில் பிள்ளைகளை உருப்போட வைக்கிறார்கள். அதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கேட்கும் ஆங்கிலத் தேர்வு ஐயெல்ட்ஸ். அதன் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து கேட்பார். முதல் நாலைந்து நிமிடம் வீடு, படிப்பு, வேலை பற்றிய கேள்விகள். பிறகு தலைப்பு எழுதிய ஒரு அட்டை: யோசிக்க 1 நிமிடம், பேச 1 முதல் 2 நிமிடம். கடைசி நாலைந்து நிமிடம் அந்த அட்டையை ஒட்டி எழும் பொதுவான கேள்விகள். அட்டைக்கு விடை உருப்போட்ட பிள்ளை சறுக்குவது பெரும்பாலும் அந்தக் கடைசிப் பகுதியில்தான்.

சென்ற மாத மாதிரித் தேர்வில் ஒரு மாணவருக்கு 'மழையால் திட்டம் மாறிய ஒரு நாள்' என்ற அட்டை வந்தது. தினமும் தன்லினிலிருந்து பாலம் தாண்டி, நனைந்துகொண்டே வருகிற பிள்ளை. சொல்ல எவ்வளவோ இருந்திருக்கும். ஆனால் அவர் பார்த்தே இராத லண்டன் அருங்காட்சியகம் ஒன்றைப் பற்றி மூச்சுவிடாமல் ஒப்பித்தார். கடைசியில் "அன்று மழை பெய்தது" என்று ஒரு வரி. "குடை கொண்டு போனீர்களா?" என்று ஆசிரியர் கேட்டார். எட்டு விநாடி அமைதி. பிறகு "யெஸ்."

ஒப்பிக்கும் குரலில் ஏற்ற இறக்கம் போய்விடும், கண் மேலே போகும், வேகம் திடீரென்று கூடும். தேர்வாளர்களுக்கு இது பழகிய காட்சி. இதைக் கண்டுகொள்ளும் பயிற்சியும் அவர்களுக்கு உண்டு. அதே போன்ற இன்னொரு ஆங்கிலத் தேர்வான, கணினியிடம் பேசும் பி.டி.இ.யிலோ தொல்லை வேறு வகை: மனப்பாடம் பாதியில் மறந்து மூன்று விநாடி நின்றால் பெரும்பாலான கேள்விகளில் ஒலிப்பதிவே மூடிக்கொள்ளும்.

ஐயெல்ட்ஸில் மதிப்பெண் நான்கு சம பங்கு: தடையின்றிக் கோவையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. வெள்ளைக்காரர் மாதிரிப் பேச வேண்டும் என்று எங்கும் இல்லை; புரிய வேண்டும், அவ்வளவே. நம் பிள்ளைகளுக்கு இதில் இரட்டைச் சொத்து. பர்மியத்தில் 'தமீ' (மகள்) என்னும்போது நாக்குநுனி பல்லுக்கு நடுவே வருகிறதே, ஆங்கில 'திங்க்' தொடங்குவது அதே ஒலியில்தான். ரங்கூனை யாங்கோன் ஆக்கிய மொழியில் நழுவிப்போன ரகரத்தைத் தமிழ் கொடுத்திருக்கிறது. தொல்லை சொல்லின் கடைசியில். பர்மியம் கடைசி வல்லினத்தைத் தொண்டையில் அடைத்துவிடும். தமிழ் 'புக்கு', 'பஸ்ஸு' என்று உகரம் ஒட்டும். பர்மிய வழக்கில் 'லைக்', 'லைட்', 'லைஃப்' மூன்றும் 'லை' ஆகிவிடுகின்றன. 'வாக்ட்' (நடந்தேன்) என்பதில் கடைசி டகரம் விழுந்தால் இறந்த காலமும் சேர்ந்து விழுகிறது. கேட்பவருக்கு அது இலக்கணப் பிழை. ஒரே சறுக்கலில் இரண்டு இடத்தில் மதிப்பெண் போகும். எந்த மாதிரி விடைக் கட்டும் இதைத் திருத்தாது. வாயைத் திறந்தால்தான் திருந்தும்.

வேலைக்கும் இதேதான். சிங்கப்பூரிலிருந்து போனில் பேசும் முதலாளி கேட்கும் முதல் கேள்வி பெயர். பாஸ்போர்ட்டில் பர்மியப் பெயர், வீட்டில் தமிழ்ப் பெயர், குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அங்கேயே நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துக்கூட்டிச் சொல்லி, எப்படிக் கூப்பிடலாம் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லப் பழக்குங்கள். அடுத்தது எண். நமக்கு 15 லட்சம். அவர்களுக்கு ஒன்று புள்ளி ஐந்து மில்லியன். கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் 150 டிகிரி என்ற திசையை 'ஒன் ஃபிஃப்டி' என்னாமல் 'ஒன் ஃபைவ் ஜீரோ' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும். காதில் விழாவிட்டால் 'ஸே அகெய்ன்'. புரியாமலே 'யெஸ் ஸார்' சொல்வதுதான் அங்கே ஆபத்து.

வீட்டில் இரவு பத்து நிமிடம் போதும். உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை, கடிகாரம் பார்க்கத் தெரிந்தால் சரி. கரண்ட் போன நேரம் இன்னும் நல்லது. தலைப்பு வீட்டுக்குள்ளிருந்தே வரட்டும்: காலையில் மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) வாங்கியது, பஸ் வராதது. யோசிக்க ஒரு நிமிடம், காகிதத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் கூடாது. வாக்கியம் எழுதினால் வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். அம்மாவிடம் நாலு நிமிடம், அதே விஷயம் அண்ணனிடம் மூன்று, தாத்தாவிடம் இரண்டு. இதுவும் மனப்பாடம்தானே என்பீர்கள். இல்லை. விஷயத்தைத் தேடும் வேலை முதல் தடவையிலேயே முடிந்துவிடுவதால், அடுத்த தடவை கவனம் சொல்லுக்குப் போகிறது. வாக்கியம் ஒவ்வொரு முறையும் வேறாகத்தான் வரும். கடைசித் தடவையைப் போனில் பதிந்து, சொல்லின் கடைசி ஒலி கேட்கிறதா என்று அது ஒன்றை மட்டும் பிள்ளையே கேட்டுப் பார்க்கட்டும். நடுவில் திருத்த வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். குறுக்கே திருத்தப்பட்ட பிள்ளை அடுத்த வாக்கியத்தைத் தொடங்கவே பயப்படும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த பருவத்திலிருந்து மாதிரி விடைக் கட்டு வகுப்புக்குள் வரக்கூடாது. பையில் இருந்தால் வாங்கி வைத்து, பெற்றோர் நேரில் வந்தால் மட்டுமே தருவோம். மாதிரித் தேர்வில் ஒப்பித்த விடைக்கு மதிப்பெண் கிடையாது. அதைக் குறித்து அலுவலகத்தில் வாதாடுவதிலும் பயனில்லை. ஆசிரியர்களிடம் தனியே "ஸாம்பிள்" கேட்டு நச்சரிப்பதையும் நிறுத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

கேட்டவர்கள் எல்லாரும் பிள்ளை மேலுள்ள அக்கறையில்தான் கேட்டீர்கள் என்பது தெரியும். கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, களைத்துப்போய், வாசலில் குடையோடு காத்திருக்கும் உங்களைத் தினமும் பார்க்கிறோம். காலி நோட்டுக் கவலைக்கும் ஒரு வழி செய்திருக்கிறோம்: அடுத்த பருவம் முதல் நோட்டின் கடைசிப் பக்கத்தில், பிள்ளை அன்று எதைப் பற்றி எத்தனை நிமிடம் பேசியது என்று ஆசிரியர் ஒரு வரி எழுதி அனுப்புவார். பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

உங்கள் பொறுமைக்கும் ஒத்துழைப்புக்கும் நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்