மொரிஸ் மைனருக்கு “நேரடியாகப் பொருந்தும்” என்று விற்ற காபரேட்டர் தொடர்பான புகார்

கொட்டகலை,
2024 ஓகஸ்ட் 19.

முகாமையாளர்,
பழைய வாகன உதிரிப்பாகப் பிரிவு,
கொழும்பு.

ஐயா,

ஜூலை 22ஆம் திகதி உங்கள் கடையில் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் ஒன்றரை அங்குல எஸ்யூ எச்எஸ்4 காபரேட்டர் ஒன்றும், அதை என்ஜினின் பழைய மெனிஃபோல்ட் குழாயில் பூட்டுவதற்கான அடாப்டர் தகடும் 74,500 ரூபா கட்டி வாங்கினேன். 25ஆம் திகதி கூரியரில் வந்து சேர்ந்தது. பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்திருக்கிறேன். அதில் உங்கள் கையெழுத்திலேயே “மைனர் 948, நேரடியாகப் பொருந்தும், வேறு மாற்றம் தேவையில்லை” என்று இருக்கிறது. அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. தேயிலைத் தொழிற்சாலையில் 31 வருஷம் இருந்து, டீமேக்கராக ஓய்வு பெற்றவன் நான். ரோலரும் டிரையரும் நடுராத்திரியில் நின்றுபோனால் மெக்கானிக் பாஸ் வரும்வரை காத்திருக்காமல் கழற்றிப் பார்த்த கை இது. ஆகவே “சேர், இதெல்லாம் உங்களுக்கு விளங்காது” என்று தொலைபேசியில் உங்கள் பையன் சொன்னதை மனதில் வைக்காமல், விளங்கியதை மட்டும் எழுதுகிறேன்.

வண்டி 1959ஆம் ஆண்டு மைனர் 1000. 948 சிசி, 37 குதிரைவலு, ஒன்றேகால் அங்குல எச்2 காபரேட்டர். தோட்டத்துப் பெரிய கிளாக்கரிடம் 1987இல் வாங்கினேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு வேறு கார் என்ற பேச்சுக்கே வீட்டில் இடமில்லை. இருப்பதை ஓட வைப்பதுதான் வழி. நான்கு பேர் ஏறினால் நானுஓயா ஏற்றத்தில் இரண்டாம் கியரிலேயே முனகிக்கொண்டு போகும். அந்த முனகலைக் கொஞ்சம் குறைக்கலாம் என்றுதான் பெரிய காபரேட்டருக்கு ஆசைப்பட்டேன். மைனரில் கலவை உள்ளே போகும் இன்லெட்டும் புகை வெளியே போகும் எக்ஸோஸ்ட்டும் ஒரே வார்ப்பு. பெரிய காபரேட்டருக்காக எம்ஜி மெட்ரோ காரின் இன்லெட்டைத் தேடிப்பிடித்து மாட்டினால் எக்ஸோஸ்ட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், அது பெரிய செலவு. அதைத் தவிர்க்கத்தான் இந்தத் தகடு என்று நீங்களே சொன்னீர்கள். நம்பினேன்.

27ஆம் திகதி சனிக்கிழமை எங்கள் ஊர் பாஸும் நானும் சேர்ந்து பூட்டினோம். ஸ்டார்ட் ஆனது. ஆனால் ஐட்லிங், அதாவது நின்றபடி மெதுவாக ஓடுவது, நிலைக்கவில்லை. தானாகவே உறுமும், பிறகு தணியும், இரண்டு முறை தும்மும், அணைந்துவிடும். சோக்கை இழுத்துப் பிடித்தால் மட்டும் ஓடும். காற்று எங்கோ திருட்டுத்தனமாக நுழைகிறது என்று பாஸ் சொன்னார். தகட்டின் ஓரத்தில் சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தோம். கீழ்ப்பக்கம் பட்டதும் என்ஜின் சத்தம் மாறியது.

கழற்றித் தகட்டைக் கையில் எடுத்தேன். மெனிஃபோல்ட்டோடு அதை இறுக்கும் இரண்டு திருகுகளின் தலையும் தகட்டின் மட்டத்துக்குள் அமர வேண்டும். குழி ஆழம் போதாமல் ஒன்றின் தலை வெளியே துருத்திக்கொண்டு நின்றது. கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் தடவினால் தட்டும். இரும்பு அடிமட்டத்தை அதன்மேல் நிமிர்த்தி வைத்து, பின்னால் டோர்ச் அடித்தேன். அடிமட்டத்தின் கீழ் ஒரு பக்கம் முழுக்க வெளிச்சம் தெரிந்தது. இடைவெளி அளக்கும் 0.3 மில்லிமீற்றர் ஃபீலர் கேஜ் தடையில்லாமல் போய் வந்தது. அப்படி இருக்கும்போது நடுவில் வைக்கும் கேஸ்கட் என்ன செய்யும்? லேத்துக்குக் கொண்டுபோய்க் குழியை ஆழமாக்கினேன். 2,500 ரூபா. ஐட்லிங் நிலைத்தது.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். 2,500 ரூபா போனால் போகிறது என்று விட்டிருப்பேன்.

ஓட்டை அடைபட்ட பிறகுதான் உள்ளே இருந்த அடுத்த நோய் வெளியே தெரிந்தது. வண்டி நின்றபடி ஓடும்போது காபரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை விரலால் ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு மெல்ல உயர்த்திப் பார்ப்பது எஸ்யூ தெரிந்த எவரும் செய்கிற காரியம். ஓட்டம் கொஞ்சம் கூடி உடனே அடங்கினால் கலவை சரி, அணைந்தால் பெற்றோல் குறைவு, கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். இது கூடியது, அடங்கவே இல்லை. பெற்றோல் வரும் ஜெட்டை ஏற்றி இறக்கும் ஜெட் நட்டைத் திருகித் திருகி மேலே முட்டும்வரை ஏற்றினேன், அதற்கு மேல் போக இடமில்லை, அப்போதும் அதிகம்தான். பிஸ்டனைக் கழற்றி, பெற்றோலின் அளவைக் கட்டுப்படுத்தும் நீடிலைப் பார்த்தேன். நீடிலின் தண்டில் அதன் எழுத்து வெட்டியிருக்க வேண்டும். உங்கள் நீடிலில் எழுத்தும் இல்லை, அடையாளமும் இல்லை. எந்த என்ஜினுக்குச் செய்ததோ, யாருக்குத் தெரியும்?

ஓகஸ்ட் 2ஆம் திகதி வீட்டுக்காரம்மாவுக்கு நுவரெலியாவில் கண் கிளினிக். பிந்தினால் அடுத்த திகதி மூன்று மாதம் கழித்து. தலவாக்கலை தாண்டும்வரை வண்டி பரவாயில்லை. ரதல்ல குறுக்கு வீதியில் ஏறினோம். பாதி ஏற்றத்தில் இழுவை செத்துவிட்டது, சைலன்சரில் கறுப்புப் புகை, ஒவ்வொரு வளைவிலும் மிஸ் அடித்தது. ஓரம் கட்டி பொனட்டைத் திறந்தபோது கண்டதைத்தான் நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டும். காபரேட்டரில் பெற்றோல் தங்கும் மிதவை அறையில் இருந்து பெற்றோல் வழிந்து, நேரே கீழே கொதித்துக்கொண்டிருந்த எக்ஸோஸ்ட் மேல் சொட்டியது. சுட்ட கல்லில் தண்ணீர் தெளித்தது மாதிரி “சுர்” என்றது. மைனரில் காபரேட்டர் எக்ஸோஸ்ட்டுக்கு மேல்தான் இருக்கிறது. அதனால்தான் வழியும் பெற்றோலைத் தள்ளிக் கொண்டுபோய் நிலத்தில் விட ஒரு குழாய் வைப்பார்கள். மிதவை அறை மூடியில் அந்தக் குழாய்க்கான முனை இருக்கிறது, உங்கள் பெட்டியில் குழாய் இல்லை. குழாய் இல்லாததைக் கவனிக்காமல் ஓட்டியது என் பிழையும்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூடவே கொடுக்க வேண்டியது உங்கள் கடமை. வீட்டுக்காரம்மா கைப்பையை அணைத்தபடி ரோட்டோரத்தில் மழையில் நின்றார். முச்சக்கரவண்டி பிடித்துப் போனோம். கிளினிக் முடிந்துவிட்டிருந்தது.

அன்றிரவே பழைய எச்2வை மீண்டும் பூட்டினோம். மறுநாள் அதே ரதல்ல ஏற்றம், அதே பெற்றோல், அதே பிளக்குகள் கழுவிப் போட்டது. வழக்கம்போல முனகிக்கொண்டு ஏறியது, ஆனால் ஏறியது.

இப்போது உங்கள் பதிலுக்கு வருகிறேன். 6ஆம் திகதி வாட்ஸ்அப்பில் மூன்று காரணம் சொன்னீர்கள். மலைநாட்டில் காற்று மெல்லியது, அதனால் கலவை அதிகமாகிறது என்பது முதலாவது. உண்மைதான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், கொழும்பை விட அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் சரியாக வைத்த கலவை இங்கே பெற்றோல் கூடியதாகத்தான் இருக்கும். அதற்காகத்தான் ஜெட் நட்டை மேலே ஏற்றுகிறோம். என் பழைய காபரேட்டரில் இரண்டு ஃபிளாட், அதாவது நட்டின் இரண்டு பக்கம் அளவு, திருப்பினால் போதும், 37 வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது. உங்களுடையது முட்டும்வரை ஏற்றியும் போதவில்லை என்றால் அது மலையின் குற்றம் இல்லை. மலை நான் உங்களிடம் வாங்கிய பொருளும் இல்லை.

இரண்டாவது, தகட்டில் லேத் வேலை செய்ததால் உத்தரவாதம் போய்விட்டதாம். நீங்கள் செய்யாமல் விட்ட வேலையைத்தான் நான் காசு கொடுத்துச் செய்வித்தேன். செய்வதற்கு முன் எடுத்த படங்கள் இரண்டு, அடிமட்டமும் வெளிச்சமும் தெரியும்படி, இணைத்திருக்கிறேன்.

மூன்றாவது, பூட்டிய பொருளைத் திரும்ப எடுப்பதில்லையாம். பொருந்தும் என்று விற்ற பொருள் பொருந்துகிறதா என்று பூட்டிப் பார்க்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?

இன்னொன்று. திருகையும் நீடிலையும் சரிசெய்தாலும் இந்தத் தகட்டில் பெரிதாக எதுவும் கிடைக்கப்போவதில்லை என்பது வேர்னியர் அளவுகோலைப் பிடித்த பிறகே எனக்குப் புரிந்தது. காபரேட்டரின் வாய் 38 மில்லிமீற்றர். மெனிஃபோல்ட்டின் வாய் 32. தகட்டின் துளை அந்தப் பக்கத்தில் இருந்து இந்தப் பக்கம்வரை ஒரே 38. வாய் ஒடுங்கிப் போய்ச் சேரவில்லை, சுற்றிலும் மூன்று மில்லிமீற்றர் திண்ணை. பரப்பில் நாற்பது வீதம் கூடிய காற்று வந்து அந்தத் திண்ணையில் முட்டுகிறது. கழற்றியபோது அதன் கீழ்ப்பாதியில் பெற்றோல் தேங்கி நின்றது. அதற்குப் பிறகும் காற்று போவது பழைய ஒடுங்கிய வழியில்தான், நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து இரண்டே துவாரங்கள். வாசலை மட்டும் அகலமாக்கி வீட்டைப் பெரிதாக்கினோம் என்று சொல்வது போலத்தான் இது. 2022இல் கியூஆர் அட்டையோடு பெற்றோல் வரிசையில் படுத்துக் கிடந்தவன் நான். லீற்றருக்கு பதினொரு கிலோமீற்றர் ஓடிய வண்டி உங்கள் காபரேட்டரோடு ஓடிய வாரத்தில் ஏழுதான் ஓடியது என்பதை எழுதும்போது இப்போதும் வயிறு எரிகிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். காபரேட்டருக்கும் தகட்டுக்கும் கட்டிய 74,500 ரூபாவையும், லேத் செலவு 2,500 ரூபாவையும் திருப்பித் தாருங்கள். பொருளை அனுப்பும் கூரியர் செலவும் உங்களுடையது. முச்சக்கரவண்டிக் காசும் மூன்று மாதமும் என் கணக்கில் இருக்கட்டும். அடுத்து இதை வாங்கப்போகிறவர் என்னைப்போல் கழற்றிப் பார்க்கத் தெரியாதவராக இருக்கலாம். அவருக்குப் பெட்டியோடு வழிவுக் குழாயும் எழுத்து வெட்டிய நீடிலும் கொடுங்கள், “வேறு மாற்றம் தேவையில்லை” என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

செப்டெம்பர் 5ஆம் திகதிக்குள் பதில் வராவிட்டால் இதே கடிதத்தின் பிரதி, படங்களோடும் பற்றுச்சீட்டோடும், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போகும். அங்கே போக எனக்கு விருப்பமில்லை, வயதும் இல்லை. ஆனாலும் போவேன்.

பொருள் வந்த பெட்டியிலேயே கட்டி வைத்திருக்கிறேன். நான் வளைத்துவிட்டேன் என்று பிறகு சொல்லக்கூடாது என்பதற்காக நீடிலை மட்டும் இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்து, நூலால் சுற்றி, பாஸின் முன்னிலையில் ஒட்டியிருக்கிறேன். பிரிக்கும்போது கத்தி போட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஓய்வுபெற்ற டீமேக்கர்.