நடுகல்லின் அடித்தட்டைச் சிமெண்டில் புதைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உளி பிடித்துப் பிழைக்கும் கல்தச்சன் நான். எங்கள் பக்கம் ஏரிக்கரையிலும் புளியந்தோப்பிலும், சண்டையில் மாண்ட வீரன் நினைவாக நட்ட நடுகற்கள் நிறைய உண்டு. பலவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். இப்போது திருப்பணி என்று சொல்லி அவற்றைச் சுற்றிச் சிமெண்ட் மேடை கட்டி, கல்லுக்கு எனாமல் பெயிண்டும் அடித்துவிடுகிறார்கள்.

மூன்று தட்டாகச் செதுக்கிய நடுகல்லைக் கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும். அடித்தட்டில் வீரன் மாண்ட சண்டை: ஓங்கிய வாள், அம்பு தைத்த உடம்பு, சில கற்களில் அவன் மீட்ட மாடுகள். நடுத்தட்டில் தேவமகளிர் இருவர் அவனை இருபுறமும் அணைத்து மேலே கொண்டுபோகிறார்கள். மேல்தட்டில் பெரும்பாலும் லிங்கத்தின் அருகே அமர்ந்திருப்பான். உச்சியில் சூரியனும் பிறையும் இருந்தால், அவை உள்ளவரை அவன் பேர் நிற்கும் என்று பொருள். செத்தவன் உயிர் எங்கே போனது என்பதை எழுத்தறியாதவரும் அந்தக் கல்லில் பார்த்துக்கொள்ளலாம்.

பக்கத்து ஊரில் மேடை கட்டியதில் அடித்தட்டு முழுக்க உள்ளே போய்விட்டது. இருபுறமும் பெண்கள் நிற்பதை வைத்து, முருகன், வள்ளி, தெய்வானை என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். பெயிண்டில் வேலும் வரைந்தாயிற்று. ஊருக்காக உயிரை விட்டவனின் சாவையே மூடிவிட்டோமே என்று மனசு ஆறவில்லை.

செங்கம் பக்கத்துப் பல்லவர் காலக் கற்களில் பெரும்பாலும் ஒற்றை வீரன்தான். அவன் காலருகே கெண்டியும் (மூக்குவைத்த செம்பு) சிமிழும் (மூடியுள்ள சிறு டப்பி) சின்னதாக இருக்கும். போகிற வழிக்குக் கொடுத்தனுப்பியதாகவே எனக்குத் தோன்றும். அந்தப் பக்கத்து எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல்லில், எருமைகளைக் காக்கப்போய் மாண்ட கருந்தேவக்கத்தியோடு அவன் நாயும் நிற்கிறது. கள்ளரைக் கடித்துக் காத்த அந்த நாயின் பேர் கோவிவன் என்பதையும் வெட்டிவைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட நுணுக்கமெல்லாம் காலடியில்தான் இருக்கும். ஒரு முழம் சிமெண்ட் ஏறினால் முதலில் போவது அதுதான். எழுத்துகளோ ஆழமில்லாதவை, இரண்டு கோட் பெயிண்டிலேயே அடைபட்டுவிடும்.

பூசை நிற்க வேண்டாம். மஞ்சள் பூசுங்கள், மாலை போடுங்கள், பொங்கல் வையுங்கள். மேடை வேண்டுமென்றால் கல்லைவிட்டுத் தள்ளிக் கட்டுங்கள். கல்லடியில் மண்மட்டத்தை உயர்த்தாதீர்கள். ஏற்கெனவே பெயிண்ட் அடித்திருந்தால் கிரைண்டர் வைத்துத் தேய்க்காதீர்கள், மூக்கும் முழியும் சேர்ந்து போய்விடும். கொத்தனாரைக் கூப்பிடும் முன் தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கல்தச்சர் ஒருவர்,
ஊத்தங்கரை வட்டம்.