பீரோ நோட்டும் டிரைவ் பட்டியலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டு நிறுவனங்களின் இணையப் பாதுகாப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆண்டு வரவை வைத்துப் பெரியது, நடுத்தரம், சிறியது என்று பிரித்து, பெரியவற்றுக்கே ஆபத்து அதிகம் என்று முடித்திருந்தார்கள். பணம் இருக்கிற வீட்டுக்குத்தானே திருடன் போவான் என்ற கணக்கு. வட சென்னையில் மூன்று டிரஸ்டுகளுக்குப் பகுதிநேரமாகக் கணக்கு எழுதுகிறவன் நான். எனக்கு அந்தக் கணக்கு இடிக்கிறது.

வியாசர்பாடியில் ஒரு டியூஷன் மையம். ஆண்டு வரவு ஆறு லட்சத்தைத் தாண்டாது. இருப்பது ஒரே லேப்டாப். அதன் பாஸ்வேர்டு ஒரு சீட்டில் எழுதி மூடியின் உள்பக்கம் செலோடேப் போட்டு ஒட்டியிருக்கும். உள்ளே நானூறு பிள்ளைகளின் எக்சல் பட்டியல். பெயர், பள்ளி, ஆதார் எண், அம்மாவின் போன் நம்பர். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம்: "அப்பா குடி", "பாட்டியோடு இருக்கிறாள்", "ராத்திரி எட்டு மணி வரை வீட்டில் யாரும் இல்லை". நல்ல மனசோடு எழுதியதுதான். தப்பான ஆள் கையில் கிடைத்தால் அந்தக் கடைசிக் குறிப்பு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இதில் வங்கி இருப்புக்கு என்ன சம்பந்தம்?

நான் போகும் பெரிய டிரஸ்ட் ராயபுரம் பக்கம். அங்கே பாஸ்வேர்டு போட்ட பிறகு போனுக்கு வரும் எண்ணையும் போட வேண்டும். பென் டிரைவ் செருகினால் எடுக்காது. நானே பல நாள் அலுத்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது காசிமேட்டில். வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்கு ஆலோசனை சொல்லும் இரண்டு அக்காக்கள், ஒரே அறை. கம்ப்யூட்டரே கிடையாது. ஒரு நீள நோட்டு, ஒரு இரும்பு பீரோ, சாவி பெரிய அக்காவின் இடுப்பில். மூன்று இடங்களிலும் வெளியே போகவே கூடாத தகவல் இங்கேதான் இருக்கிறது. இதுவரை போகவும் இல்லை. இப்போது ஒரு நன்கொடையாளர் டேப்லெட் வாங்கித் தருகிறேன், எல்லா விவரத்தையும் ஆப்பில் ஏற்றுங்கள் என்கிறார். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இந்தப் பெண்களைத் தேடுகிறவன் எங்கேயோ வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் ஹேக்கர் இல்லை, ரெண்டு தெரு தள்ளி இருக்கும் புருஷன். அவனுக்கு ஒரு போன் நம்பரும் அவள் வந்துபோகும் கிழமையும் போதும்.

பணத்தை மட்டும் தேடித்தான் வருவார்கள் என்பதும் சரியில்லை. 2022 ஜனவரியில் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தில் தகவல் திருட்டு தெரியவந்தபோது, பறிபோனவை போரில் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமல் போனவர்கள் என 5,15,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள். முந்தைய நவம்பரிலேயே உள்ளே நுழைந்து 70 நாள் இருந்திருக்கிறார்கள். ஒரு மென்பொருளில் போட வேண்டிய திருத்தத்தைப் போடாமல் விட்டதுதான் வழி. அப்புறம் 2020இல் அமெரிக்காவின் பிளாக்பாட். நன்கொடைக் கணக்குக்கு மென்பொருள் தரும் கம்பெனி அது. அங்கே ஒரு ஓட்டை விழுந்ததில் 13,000க்கும் மேற்பட்ட அமைப்புகள் பெரியது சின்னது பேதமில்லாமல் சேர்ந்து மாட்டின.

சின்ன டிரஸ்டில் திருட ஒன்றுமில்லை என்பவர்களுக்கு இன்னொன்று. 2021-22 நிதியாண்டிலிருந்து, நன்கொடைக்கு வரிச்சலுகை பெற உதவும் 80ஜி ரசீது தரும் அமைப்பு, நன்கொடையாளரின் பான், முகவரி எல்லாம் திரட்டி வருமான வரித்துறைக்கு 10பிடி படிவம் தாக்கல் செய்தாக வேண்டும். அந்தப் பட்டியலும் அதே செலோடேப் லேப்டாப்பில்தான் இருக்கிறது. தகவலைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். ஆறு லட்சக்காரரிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்.

டியூஷன் மையத்தின் அந்தப் பிள்ளைகள் பட்டியல், இணையத்தில் கோப்பு வைக்கும் கூகுள் டிரைவிலும் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அதை அங்கே யார் யார் திறக்க முடியும் என்று உட்கார்ந்து பார்த்தோம். 31 பேர். இன்றைக்கு மையத்தில் வேலை பார்ப்பவர்கள் ஏழே பேர். ஒருவர் துபாய் போய் ஆறு வருஷம் ஆகிறது. மற்ற 24 பேரையும் எடுத்துவிட்டோம். 'குறிப்பு' கட்டத்தை அழிக்கத்தான் நிர்வாகி அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "எந்தப் பிள்ளை சாப்பிடாம வருதுன்னு அப்புறம் எனக்கு எப்படித் தெரியும்?" என்கிறார்.

இப்படிக்கு,
ஒரு கணக்காளர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை