ஹெரால்டு கிடைத்துவிட்டது

பாளையங்கோட்டை

அன்புள்ள சங்கரா,

நலம். அம்மாவுக்கு முட்டுவலி தேவலையா? இங்கே எல்லோரும் சுகம். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் கிடைத்துவிட்டது. என் வீட்டுக் கொட்டகையில்தான் நிற்கிறது. அதே வண்டியா என்று கேட்காதே. பின் சீட்டைத் தூக்கினால் நீ ஆணியால் கீறிய பெயர் அப்படியே இருக்கிறது, கூடவே ராசாமணியைப் பற்றிய அந்த வார்த்தையும்.

சிந்துபூந்துறையில் ஒரு கிட்டங்கியின் பின்கட்டில் கிடந்தது. வாங்கினவர் காலமான பிறகு யாரும் தொடவில்லை. பழைய இரும்புக்கு எடை பேசிவிட்டார்கள். மேலே கொஞ்சம் கொடுத்து இழுத்து வந்தேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கதவுக் கைப்பிடி வரை தண்ணீர் நின்றிருக்கிறது, கறை இன்னும் போகவில்லை.

மேலுக்குப் பார்த்தால் தெரியாது. பானெட்டை முழுசாக முன்பக்கம் கவிழ்த்து, அப்பா உட்காருவாரே, அதேபோல் டயர் மேல் உட்கார்ந்து பார்த்தேன். எஞ்சின் சிக்கியிருக்கிறது, ஆனால் பிழைக்கும். கீழேதான் வயிறு கலங்கியது. அடிச்சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளைச் சுத்தியலால் தட்டினால் சில இடத்தில் கணீர், சில இடத்தில் பொத். பொத்தென்ற இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன், பிடி வரை உள்ளே போய்விட்டது. இழுத்தபோது தாமிரபரணி வண்டல் கட்டி கட்டியாகக் கொட்டியது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு ஊதும். தகடுகளை இடுக்கிலிருந்து பிளந்து வைத்திருக்கிறது.

பட்டறைக்காரர், "பட்டி போட்டு இழுத்து, ரெண்டு கோட் அடிச்சா புதுசாத் தாரேன் சார்" என்றார். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. பட்டிக்கு உள்ளே துரு சும்மா இருக்காது. நம் ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும், உள்ளே இருப்பவர் கதி என்ன? அழுகினதை வெட்டி எறிந்து, நல்ல இரும்பு வரும் இடத்திலிருந்து புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தால்தான் அது வண்டி.

நான் பிரித்துச் சீர்செய்யும் முதல் வண்டி இது. ஆனாலும் தைரியம் வரக் காரணம் உண்டு. ஹெரால்டு ஒரே கூடாக அடித்தது இல்லை. கீழே தனி அடிச்சட்டம், மேலே முன்பாகம், பின்பாகம், கூரை எல்லாம் போல்ட்டில் நிற்பவை. கழற்றலாம், மாட்டலாம். "இது ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன்லே" என்று அப்பா சொல்வாரே, அது சும்மா இல்லை. இந்த அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இரண்டுக்கும் உடல் வரைந்தவர் அதே இத்தாலிக்காரர், மிகெலோட்டி.

வெல்டிங் பட்டறைக்காரர் கையில். கழற்றுவதும் சுரண்டுவதும் அளவெடுப்பதும் நான். வெட்டுவதற்கு முன்னால் கதவு இடைவெளியை எல்லாம் அளந்து, கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே கம்பி பற்றவைக்கச் சொல்லியிருக்கிறேன். சட்டம் ஒரு நூல் சாய்ந்தாலும் கதவு சாத்தாது. முன்சக்கரத்தைத் தாங்கும் தூணின் அடியில், அது திரும்புவதற்காக இருக்கும் டிரன்னியன் என்ற மூட்டுக்கு கிரீஸ் அடிக்கவே கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் என்று அவரிடம் சண்டையே போட்டேன். அது காய்ந்தால் சக்கரம் மடங்கிவிடும்.

நீ நீலம் என்று சாதிப்பாய். டேஷ்போர்டுக்கு அடியில் சுரண்டினேன், வெளிர் பச்சை. அம்மாவிடம் கேட்டு எழுது.

அப்புறம், பதிவு. 50 வருஷத்துக்கு மேற்பட்டதை விண்டேஜ் என்று பதியலாம், 2021-இல் விதி வந்தது. ஆனால் அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி என்றுதான். எனக்கு அது வேண்டாம். சாதாரணமாக, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்கிறேன். சீசனுக்குக் குற்றாலம் போகாத ஹெரால்டு எதற்கு?

ஒரே ஒரு உதவி. இதில் நட்டு எல்லாம் அங்குலக் கணக்கு. அரை அங்குல நட்டில் பன்னிரண்டு மில்லிமீட்டர் ஸ்பானர் நுழையாது, பதிமூன்று போட்டால் வழுக்கி முனை மழுங்குகிறது. அப்பாவின் காக்கித் துணி ஸ்பானர் பை உன் வீட்டுப் பரணில்தானே இருக்கிறது? பார்சலில் போடாதே. நீயே கொண்டு வா. வரும்போது அம்மாவையும் கூட்டி வா.

உன்,
வேலு