மின்னஞ்சல் அனுமதிப் பிரிவுக்கு, திருப்பூரிலிருந்து நான்காவது விண்ணப்பம்

மேக மின்னஞ்சல் சேவையின் விண்ணப்பப் பரிசீலனைக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அது போதும். எங்கள் மென்பொருளில் இருந்து உங்கள் சேவை வழியாக மெயில் அனுப்ப அனுமதி கேட்டு மூன்று முறை விண்ணப்பித்து, மூன்று முறையும் முடியாது என்ற ஒரே பதிலை வாங்கியவன் நான். ஒரு புள்ளி, கமா கூட மாறவில்லை.

நானும் ஒரு நண்பரும் சேர்ந்து பிறர் துணியில் கூலிக்கு வேலை செய்யும் திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு ஒரு சின்ன மென்பொருள் செய்திருக்கிறோம். நிட்டிங்கில் இருந்து துணி சாயம் போட டையிங்குக்குப் போகும், அங்கிருந்து சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் காம்பாக்டிங், பிறகு கட்டிங். துணி ஒவ்வொரு வாசல் தாண்டும்போதும் கூடவே போகும் சீட்டாக ஒரு டெலிவரி சலான். அந்தச் சலானை மெயிலில் அனுப்புவதுதான் எங்கள் வேலை. மொத்தம் 11 வாடிக்கையாளர்கள், ஒரு நாளைக்கு 150 மெயில் தாண்டினால் அது தீபாவளி சீசன். இதில் விளம்பரம் இல்லை, தள்ளுபடி இல்லை. எங்கள் மெயிலைப் பெறுகிறவர் அதற்காகக் காத்திருக்கிறவர். ஜிஎஸ்டி சட்டப்படி, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய துணி ஓராண்டுக்குள் திரும்பி வராவிட்டால், அனுப்பிய அன்றே விற்றதாகக் கணக்கு. அதனால் சலானில் உள்ள தேதி அவர்களுக்குப் பணம்.

முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதில் எனக்கு வருத்தமே இல்லை. "எதற்காக அனுப்புகிறீர்கள்" என்ற பெட்டியில் ஒன்றரை வரி எழுதியிருந்தேன். எங்கள் இணையதளம் என்று கொடுத்த முகவரியில் "விரைவில்" என்ற ஒற்றைச் சொல்தான் இருந்தது. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் தள்ளியிருப்பேன்.

அப்புறம்தான் உட்கார்ந்து வேலை பார்த்தேன். ஒரு முழு சாயங்காலம் இணையப் பெயர்களின் பதிவேடான டிஎன்எஸ்ஸோடு போனது. எங்கள் பெயரில் யார் மெயில் போடலாம் என்று சொல்ல எஸ்பிஎஃப், கடிதத்தின் மேல் முத்திரை குத்த டிகிம், முத்திரை பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று சொல்ல டிமார்க். மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு, ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 5,000 மெயில் அளவில் அனுப்புகிறவர்களுக்கு, இந்த மூன்றும் கட்டாயம் என்று ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரியில் கொண்டுவந்தன. நாங்கள் அனுப்புவது 150. இருந்தாலும் மூன்றையும் போட்டோம். தவறான முகவரியில் மோதித் திரும்பும் மெயில்களைப் பிடித்து, அந்த முகவரிக்கு மறுபடி அனுப்பாமல் நிறுத்தும் நிரலும் எழுதினோம். தனியுரிமைக் கொள்கைப் பக்கம், தொடர்பு எண், அலுவலக முகவரி எல்லாம் ஏற்றினோம். இரண்டாம் விண்ணப்பத்தில் இதையெல்லாம் இரண்டு பக்கத்துக்கு விளக்கினேன். மாதிரி மெயிலும் இணைத்தேன்.

அதற்கும், அடுத்துப் போட்ட மூன்றாவதுக்கும் பழைய பதிலே வந்தது. எங்கள் பயன்பாடு உங்கள் சேவைக்குப் பாதகமாகலாம், பாதுகாப்புக் காரணங்களால் விவரம் சொல்ல இயலாது என்பது அதன் சாரம். அனுப்பிய முகவரிக்குப் பதில் போட்டால் போகவும் போகாது.

அனுமதி கிடைக்கும்வரை சோதனைக் கூண்டுக்குள்தான் இருக்க வேண்டும், அதாவது முன்கூட்டி உறுதிசெய்த முகவரிகளுக்கு மட்டும்தான் அனுப்பலாம். சரி, கணக்காளர்களின் முகவரிகளையே உறுதிசெய்துவிடலாம் என்று பார்த்தேன். ஒரு டையிங் கணக்காளர் அடுத்த நிமிடமே கூப்பிட்டார். "தம்பி, ஏதோ இங்கிலீஷ்ல லிங்க் வந்திருக்குதுங்க. தொட்டா பேங்க்ல இருக்கற பணம் போயிருமுங்களா?" போனை எடுத்தாலே தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள் என்று காதில் ஓதுகிற காலம். அவர் கேட்டதில் தப்பே இல்லை. தொட வேண்டாங்க என்று நானே சொல்லிவிட்டேன்.

அதனால் இன்றைக்கு நடப்பது இது. சனிக்கிழமை சாயங்காலம், வாரச் சம்பளம் போடுகிற நேரம். ஒரு கையில் டீ, இன்னொரு கையில் மவுஸ். சலான் பிடிஎஃப்களை ஒவ்வொன்றாக எடுத்து என் சொந்த ஜிமெயிலில் இருந்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஒரு காம்பாக்டிங் யூனிட்டின் சலானை இன்னொரு யூனிட்டுக்கு அனுப்பிவிட்டேன். மென்பொருளே அனுப்பியிருந்தால் அந்தத் தப்பு நடந்திருக்காது.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒரே ஐபியில், அதாவது மெயில் கிளம்பும் ஒரே இணைய எண்ணில், ஆயிரம் பேர் குடியிருக்கும்போது ஒருத்தன் குப்பை கொட்டினால் காம்பவுண்டுக்கே கெட்ட பெயர். ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனைக்காரர் 1978-இல் சுமார் 400 பேருக்கு அழையாத விளம்பரம் அனுப்பியதில் தொடங்கிய தொல்லை இது. காரணத்தைச் சொன்னால் களவாணி அதை வைத்தே அடுத்த வேஷம் போடுவான் என்பீர்கள். ஆனால் அவன் உங்கள் காரணத்துக்கா காத்திருக்கிறான்? வேறு கார்டு, வேறு பெயர் என்று மறுநாள் புதுக் கணக்கோடு வருவான். என்ன தப்பு என்று தெரியாமல் அதே பெயரில், அதே முகவரியில், மூன்று முறை நிற்பவன் நான்தான்.

சொந்தமாக மெயில் சர்வர் போட்டுக்கொள்ளேன் என்கிறார்கள் சிலர். மேக நிறுவனங்கள் பலவும் மெயில் வெளியே போகும் வாசலான 25-ஆம் போர்ட்டை அடைத்துத்தான் சர்வரையே கொடுக்கின்றன. திறந்துவிட்டாலும் புது ஐபியை யாரும் வீட்டுக்குள் விடுவதில்லை.

எஸ்எம்எஸ் விஷயத்தில் நாங்கள் பட்டதையும் சொல்கிறேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் போட்ட விதிமுறைப்படி, டிஎல்டி என்ற பதிவேட்டில் பதிவு செய்யாமல் இந்தியாவில் ஒரு நிறுவனம் எஸ்எம்எஸ் அனுப்ப முடியாது. நிறுவனம், அனுப்புநர் பெயர், ஒவ்வொரு செய்தியின் வார்ப்பு, அதாவது மாதிரி வாசகம், என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பதிவு. அதைத் திட்டாத ஆள் எங்கள் தொழிலில் கிடையாது, நானும் வாயாரத் திட்டியிருக்கிறேன். ஆனால் எங்கள் வார்ப்பு திரும்பி வந்தபோது பக்கத்திலேயே காரணம் இருந்தது: வாக்கியத்தில் மாறும் சொற்கள் அதிகம். பத்து நிமிடத்தில் திருத்திப் போட்டோம், அனுமதி வந்தது. சலிப்பூட்டும் அந்த ஏற்பாட்டில் உள்ள மரியாதை உங்களிடம் இல்லை.

ரகசியம் எதையும் நான் கேட்கவில்லை. இணையதளமா, கார்டா, புதுக் கணக்கு என்பதா, எந்த இடத்தில் இடிக்கிறது என்று ஒரு சொல் போதும். அதுவும் முடியாது என்றால் ஒரு மாதத்துக்கு நாளொன்றுக்கு 100 மெயில் மட்டும் திறந்துவிடுங்கள். எத்தனை திரும்புகிறது, எத்தனை பேர் ஸ்பேம் என்று அழுத்துகிறார்கள் என்பது உங்கள் திரையிலேயே தெரியுமே. எண்ணிக்கை கோடு தாண்டினால் அன்றைக்கே அடைத்துவிடுங்கள், நான் வாய் திறக்க மாட்டேன்.

நான்காவது விண்ணப்பத்தை இன்று போட்டிருக்கிறேன். வாடிக்கையாளரின் சம்மதத்தோடு, பெயர்களை மறைத்து, ஒரு உண்மையான சலானையும் இணைத்திருக்கிறேன்: முப்பதாம் நம்பர் நூலில் பின்னிய சிங்கிள் ஜெர்சி துணி, 24 ரோல், 528 கிலோ, டையிங்குக்கு. இந்த முறை முடியாது என்றாலும் பரவாயில்லை, பதில் போட்டால் போய்ச் சேரும் முகவரியில் இருந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சனிக்கிழமைதோறும் கையால் மெயில் அனுப்பிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருள்காரன்
திருப்பூர்