ஒரு யூரோ வீடு: செய்தியில விட்டுப்போனது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இத்தாலியில ஒரு யூரோவுக்கு வீடு கிடைக்குதுன்னு உங்க பத்திரிகையில வந்த செய்தியை சொந்தக்காரங்க ஆளாளுக்கு எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டே இருக்காங்க. நான் இத்தாலியோட சிசிலி தீவுல ஒரு மலை கிராமத்துலதான் குடும்பத்தோட பல வருஷமா இருக்கேன், என் வீட்டுக்காரருக்கு இங்க ஆலிவ் தோட்டத்துல வேலை, அதனால படிச்ச உடனே எழுதியே ஆகணும்னு தோணுச்சு.

செய்தி பொய் இல்ல. இதே சிசிலியில சாம்பூக்காங்கற ஊர்ல 2019-ல 16 பழைய வீடுங்களை ஒரு யூரோ ஆரம்ப விலை வச்சு ஏலம் விட்டாங்க, உலகம் பூரா இருந்து மெயில் குவிஞ்சது. ஆனா மூணு வருஷத்துக்குள்ள வீட்டைச் சரிபண்ணி முடிக்கணும், அதுக்கு 5,000 யூரோ டெபாசிட் கட்டணும், முடிக்கலன்னா அந்தப் பணம் போச்சு, இதெல்லாம் நீங்க போடல. அதைவிட முக்கியம், வீடு வாங்கிட்டா இங்க தங்குற உரிமை வந்துடாது. இந்திய பாஸ்போர்ட்ல டூரிஸ்ட் விசால வந்தா 180 நாள்ல 90 நாள் வரைக்கும்தான் இருக்கலாம், பத்திரம் உங்க பேர்ல இருந்தாலும் அதே கணக்குதான். இது தலைப்புக்குப் பக்கத்துலயே வந்திருக்க வேண்டிய விஷயம் சார், நகையை அடகு வச்சு யாராவது ஏஜென்ட் கிட்ட பணம் கொடுத்துடுவாங்களோன்னு எனக்கு பயமா இருக்கு.

வேலை விசால முறையா வர்றவங்களுக்கும் முதல் மாசங்கள் பேப்பர்லயே போயிடும். வந்து 8 வேலை நாளுக்குள்ள பெர்மெஸ்ஸோவுக்கு, அதாவது இங்க தங்குறதுக்கான அனுமதி கார்டுக்கு, அப்ளை பண்ணணும், அந்த ஃபாரம் போஸ்ட் ஆபீஸ்ல வாங்கி 16 யூரோ ஸ்டாம்ப் ஒட்டி அங்கேயே கொடுக்கணும், அப்புறம் கைரேகைக்கு டவுன்ல இருக்கற போலீஸ் ஆபீசுக்குப் போகணும், கார்டு கைக்கு வர்றதுக்கு மாசக்கணக்கா ஆகும், அதுவரைக்கும் போஸ்ட் ஆபீஸ் ரசீதுதான் எல்லாத்துக்கும் ஆதாரம், அதை உயிர் மாதிரி பத்திரமா வச்சுக்கணும். கிராமத்து முகவரியில பேர் பதிஞ்சா நிஜமாவே அங்கதான் இருக்கோமான்னு முனிசிபல் போலீஸ் வீட்டுக்கே வந்து பாப்பாங்க.

இதையெல்லாம் விட பெரிய பாடு டிரைவிங் லைசென்ஸ், யாருமே இதை முன்கூட்டி சொல்றதில்ல. இந்த மாதிரி கிராமத்துக்கு காலைல ஒரு பஸ், மதியம் ஒரு பஸ், ஞாயித்துக்கிழமை சுத்தமா இல்ல. ஆஸ்பத்திரி, பெரிய கடை எல்லாத்துக்கும் கார் வேணும். நம்ம இந்திய லைசென்ஸ் இங்க பேர் பதிஞ்ச தேதியிலேர்ந்து ஒரு வருஷம் வரைக்கும்தான் செல்லும், மாத்திக் கொடுக்கற ஒப்பந்தம் நம்ம நாட்டோட இல்ல, அதனால முதல்லேர்ந்து லைசென்ஸ் பரீட்சை எழுதணும். 30 கேள்வி, சரியா தப்பான்னு 20 நிமிஷத்துல சொல்லணும், மூணு தப்புக்கு மேல போனா ஃபெயில், இங்கிலீஷ்ல எழுத முடியாது. எனக்கு எதிர்வீட்டுல ஒரு ரிட்டயர்ட் டீச்சர் அம்மா இருக்காங்க, ஒரு குளிர்காலம் முழுக்க அவங்க அடுப்படி மேஜையிலதான் நான் அந்தப் பரீட்சைக்கான புத்தகத்தைப் படிச்சேன், ஒரு பைசா வாங்கல, பாஸ் பண்ணின அன்னிக்கு தெருவுல எல்லார்கிட்டயும் அவங்கதான் போய் சொன்னாங்க. அவங்க பசங்க ரெண்டு பேரும் ஜெர்மனியில. இந்த ஊர்ல பாதி வீட்டுக்கதை இதேதான், அதனாலதான் வீடு ஒரு யூரோவுக்கு வருது.

குளிர்காலம்னு சொன்னேன்ல, அதையும் எழுதிடறேன். போட்டோல அழகா தெரியற கல்வீடு ஜனவரியில வெளியைவிட உள்ள குளிரும், சுவத்துல ஈரம் ஏறி கருப்பா பூஞ்சை பிடிக்கும், மரத்தூள் குச்சி போட்டு எரிக்கற பெல்லட் அடுப்புக்கு 15 கிலோ மூட்டைய படியேத்தி தூக்கிட்டு வரணும். கோடையில நேர் எதிர். 2021 ஆகஸ்ட் 11 அன்னிக்கு சிரக்கூசா பக்கம் 48.8 டிகிரி, ஐரோப்பாவுலயே அதுதான் ரெக்கார்டுன்னு உலக வானிலை அமைப்பே உறுதி பண்ணிருக்கு. 2024-ல மழை இல்லாம இங்க இருக்கற பெர்குசா ஏரியே வத்திப்போச்சு, பல ஊர்ல தண்ணியை முறை வச்சு விட்டாங்க. மொட்டை மாடியில டேங்க் எவ்வளவு பெருசுன்னு பாக்காம இங்க வீடு வாடகைக்குக்கூட எடுக்கக் கூடாது.

இவ்வளவு சொன்னாலும் எனக்கு இந்த ஊரு ரொம்பப் பிடிக்கும், வர வேண்டாம்னு சொல்ல இத எழுதல. அக்டோபர், நவம்பர்ல ஆலிவ் பறிக்கறப்போ தெருவே தோட்டத்துல இருக்கும், அன்னிக்கு ஆட்டின எண்ணெய் பச்சையா தொண்டையில காரமா இறங்கும், வீட்டுக்கு வீடு பாட்டில் கொடுப்பாங்க. யாராவது இறந்துட்டா சுவத்துல நோட்டீஸ் ஒட்டுவாங்க, தினமும் நின்னு படிச்சுட்டுத்தான் எல்லாரும் நகருவாங்க, பேர் தெரிஞ்சா துக்கம் விசாரிக்கப் போவாங்க, நாங்களும் போவோம். மதியம் ஒரு மணிக்குக் கடை சாத்துனா நாலரை அஞ்சு வரைக்கும் ஊரே தூங்கும், அது பழகிடுச்சு. தமிழ் பேசணும்னு ஏங்குனா பலேர்மோ நகரத்துக்குப் போயிடுவோம், அங்க ஈழத்துலேர்ந்து வந்த நம்ம ஜனங்க நிறைய பேர் இருக்காங்க, சாந்தா ரொசாலியாங்கற கிறிஸ்தவப் புனிதரோட கோயிலுக்கு மலையேறிப் போறவங்கள்ல இந்துக்களும் உண்டு, அந்த மலைப்பாதையில தமிழ் காதுல விழுந்தாலே மனசு நிறைஞ்சுடும்.

அதனால உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை இந்த மாதிரி செய்தி போட்டா அந்த 90 நாள் விஷயத்தையும் டெபாசிட் விஷயத்தையும் கட்டாயம் சேத்துப் போடுங்க. வாங்கியே தீரணும்னு இருக்கறவங்க யார்கிட்டயும் அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி பிப்ரவரியில ஒரு மாசம் வாடகைக்கு இருந்து பாக்கட்டும், வர்றதுக்கு முன்னாடியே கொஞ்சம் இத்தாலியன் கத்துக்கட்டும்.

இப்படிக்கு,
சிசிலியிலிருந்து ஒரு வாசகி