குழு இல்லத்துக்கு இரவு நேர உதவியாளர் நியமிக்கக் கோரி மீண்டும் அளிக்கும் மனு

அனுப்புநர்:
மாற்றுத்திறனாளிகள் குழு இல்லத்தில் குடியிருப்போர்

பெறுநர்:
மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அவர்கள்

பொருள்: இல்லத்துக்கு இரவு நேர உதவியாளர் நியமிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து நாங்கள் முன்பு அளித்த மனுக்கள். எதற்கும் பதில் வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் இல்லம் எங்கே இருக்கிறது என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, பள்ளிக்கூடத்தின் பின்சுவரை ஒட்டிய சந்தில் கடைசிக் கட்டடம். திறப்பு விழா அன்று தாங்களே அறை அறையாக வந்து பார்த்தீர்கள். சாய்தளம் 12 அடிக்கு 1 அடி உயரம் என்ற கணக்கில் சரியாகப் போட்டிருக்கிறார்கள். கழிவறைக்குள் சக்கர நாற்காலி இடிக்காமல் நுழைகிறது, திரும்பவும் இடமிருக்கிறது. இதற்கெல்லாம் என்றும் நன்றியுடையவர்களாக இருக்கிறோம்.

எங்களுக்கு இருக்கும் ஒரே குறை, இரவில் ஆள் இல்லை என்பதுதான். பகல் உதவியாளர்கள் எங்களைப் படுக்கையில் கிடத்திவிட்டு 9 மணிக்குக் கிளம்பினால் மறுநாள் காலை 6 மணிக்குத்தான் வருவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுடைய வேலை நேரம் அவ்வளவுதான். இடையில் உள்ள அந்த ஒன்பது மணி நேரத்தைப் பற்றியே இந்த மனு.

1. எங்களில் தண்டுவடம் அடிபட்டவர்களால் தாமாகப் புரண்டு படுக்க முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். திருப்பாவிட்டால் எலும்பு அழுந்தும் இடத்தில் ரத்த ஓட்டம் நின்று, தோல் நிறம் மாறி, புண்ணாகிவிடும். உணர்ச்சியற்ற இடம் என்பதால் வலியும் தெரியாது. புண் ஆழமாகிவிட்டால் ஆற மாதக்கணக்கு ஆகும், அதுவரை சக்கர நாற்காலியில் உட்காரக் கூடாது. வேலைக்குப் போகிறவர் வேலையை மறந்துவிட வேண்டியதுதான். காற்று மெத்தை கொடுத்தாயிற்றே என்கிறார்கள். சரி, மெத்தை அழுத்தத்தைக் குறைக்கும். ஆளைத் திருப்பிப் போடுமா? மின்சாரம் போனால் அதுவும் வேலை செய்யாது.

2. அடுத்தது சிறுநீர்க் குழாய், அதாவது சிறுநீரை வெளியே தொங்கும் பைக்கு இறக்க எங்களில் சிலருக்குப் போட்டிருக்கும் ரப்பர் போன்ற குழாய். இதைத் தயவுசெய்து நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம். படுக்கையில் கால் இழுத்துக்கொள்ளும்போது குழாய் தொடைக்கு அடியில் மாட்டி மடங்கிவிடும். பைக்குச் சிறுநீர் இறங்காமல் உள்ளேயே தேங்கும். தண்டுவடத்தில் நடு மார்புக்கு மேலே அடிபட்டவர்களுக்கு இது வெறும் அசௌகரியம் இல்லை ஐயா, ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். தலை வெடிப்பதுபோல் வலிக்கும், முகம் சிவந்து நெற்றியெல்லாம் வியர்த்துக் கொட்டும். கவனிக்காமல் விட்டால் மூளையில் ரத்தக்கசிவு வரைக்கும் போகலாம். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது என்ன தெரியுமா? ஆளைத் தூக்கி உட்கார வைத்து, மடங்கிய குழாயை நேராக்கிவிட வேண்டும். பெரும்பாலும் அவ்வளவே போதும். தெரிந்தவருக்கு ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் எங்களிடம் ஆள் இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் என்ன நடக்கிறது என்று தெரிந்தும் படுத்தபடியே கத்திக்கொண்டிருப்பார். அவராலும் எழுந்திருக்க முடியாது.

3. இந்தப் பயத்தில் சாயங்காலத்துக்கு மேல் எங்களில் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. குழாய் போடாதவர்களும் அப்படித்தான், இரவில் சிறுநீர்க் குடுவையை எடுத்துத் தர யாரும் இல்லையே. தண்ணீர் குறைந்தால் தொற்று வரும், கல் வரும் என்று தெரிந்தேதான் செய்கிறோம். பெண்கள் பக்கம் இது இன்னும் மோசம். அதை அவர்களே தங்களிடம் நேரில் சொல்லத் தயாராக இருக்கிறார்கள்.

4. அழைப்பு மணி இருக்கிறது என்று கோப்பில் எழுதியிருக்கிறீர்களாம். இருக்கிறது. கையைத் தூக்க முடிந்தவர்கள் அழுத்தலாம், அழுத்தினால் அடிக்கவும் செய்கிறது. யார் வருவார்கள்? கேட்டில் இருக்கும் வாட்ச்மேனா? குழாயைத் தொடவோ ஆளைத் தூக்கவோ அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பாவம், அவர் ஓடி வந்து வாசற்படியில் நின்று தவிப்பதைப் பார்க்க எங்களுக்கே கஷ்டமாக இருக்கிறது.

5. இரவில் தீப்பிடித்தால்? இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

6. கடைசியாகக் கேட்டபோது அலுவலகத்தில் கிடைத்த பதில்: "அவ்வளவு கஷ்டமாக இருந்தால் பெரிய காப்பகத்துக்குப் போய்விடுங்களேன், அங்கே ராத்திரியும் ஆள் உண்டு." ஐயா, அங்கிருந்து வந்தவர்களும் எங்களில் இருக்கிறார்கள். எப்போது எழுவது, எப்போது விளக்கை அணைப்பது, யார் பார்க்க வரலாம் என்பதையெல்லாம் வேறு யாரோ முடிவு செய்யும் இடம் அது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் நிறைவேறியது. எங்கே, யாருடன் வாழ்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்று அதன் 19-ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டிலேயே கிடைக்க வேண்டிய தனிநபர் உதவியையும் அதே பிரிவுதான் சொல்கிறது. உதவியைக் கொடுக்காமல் நிறுத்திவைத்துவிட்டு, உதவி இருக்கும் இடத்துக்குப் போ என்று சொன்னால் அதற்குப் பெயர் தேர்வா? சாய்தளத்தை அளந்து பார்க்க அத்தனை பேர் வந்தீர்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒருவராவது வந்து பார்த்தீர்களா? கோபத்தில் எழுதிவிட்டோம் என்று தாங்கள் நினைத்தால், ஆமாம், கோபம்தான்.

நாங்கள் கேட்பது இவ்வளவே. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவர், பெண்கள் பக்கத்துக்குப் பெண் உதவியாளர் ஒருவர். ஆளை எடுக்கும்போது எங்களையும் கலந்து பேசுங்கள், எங்கள் உடம்பைத் தொடப்போகிறவர்கள் அவர்கள். நிரந்தர நியமனத்துக்கு நாளாகும் என்றால் அதுவரை தற்காலிகமாகவாவது ஆளை அனுப்புங்கள். கட்டடம் வேண்டாம், மெத்தை வேண்டாம், இரவுக்கு ஆள் கொடுங்கள் ஐயா.

மருத்துவரின் அறிவுரைச் சீட்டுகளின் நகல்களையும் முந்தைய மனுக்களுக்கான ஒப்புகை ரசீதுகளையும் இணைத்துள்ளோம். இந்த மனுவுக்கு எழுத்துமூலம் பதில் தர வேண்டுகிறோம். முடியாது என்பதுதான் பதில் என்றால், காரணத்தோடு அதையே எழுதிக் கொடுங்கள், மேல் அலுவலரிடம் போக எங்களுக்கு உதவும். அதற்கு முன் ஒரு நாள் இரவு 9 மணிக்கு மேல் தாங்கள் நேரில் வந்து பார்த்தால் மிகவும் கடமைப்பட்டிருப்போம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இல்லக் குடியிருப்போர்
(கையெழுத்திட முடியாதவர்கள் கைரேகை வைத்துள்ளனர்)